எண் போடாத கோப்பு

அமைச்சர் அலுவலகத்தில் அவருக்கு வடிகட்டி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முகத்துக்கு நேரே 'சார்'தான். ஆனாலும் அவருக்குத் தெரியும். தெரிந்து, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. டீத்தூள் வாயில் தட்டினால்தான் வடிகட்டியின் அருமை தெரியும் என்று ஒருமுறை மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார். அவள் மருந்துக்கடையில் இருபது வருஷமாக நின்று எத்தனையோ பேரின் பெருமையைக் கேட்டவள். "சரி, தூளெல்லாம் யார்கிட்ட தங்குது? அதையும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அரசியல் ஆலோசகர் என்றால் என்ன வேலை என்று கேட்டால் அவருக்கே சட்டென்று சொல்ல வராது. அரசாங்க ஊழியர் இல்லை, தேர்வு எழுதி வந்தவர் இல்லை. அமைச்சர் கட்சியில் சாதாரண ஆளாக இருந்த காலத்தில் இவர் சுவரொட்டிக்கு வாசகம் எழுதினார். அமைச்சர் பசை தடவினார். இருவருக்கும் பதினொரு மாத வித்தியாசம். அந்தப் பதினொரு மாதத்துக்காக இவர் 'அண்ணே' என்பார், அவர் 'தம்பி' என்பார். அண்ணன் அமைச்சரானதும் தம்பி மூன்றாம் மாடியில் அமைச்சர் அறைக்கு வெளியே ஒரு மேஜையில் உட்கார்ந்தார். கதவில் பெயர்ப்பலகை கிடையாது. ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்தும் இடம் தெரியும். யார் வருகிறார்கள், எந்த வண்டியில் வருகிறார்கள், வரும்போது முகம் எப்படி, போகும்போது எப்படி, எல்லாம் அங்கிருந்தே தெரிந்துவிடும்.

காலையில் பத்திரிகைகளைப் படித்து எதற்குப் பதில் சொல்லலாம், எதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடலாம் என்று பிரிப்பார். பேச்சு எழுதுவார். கூட்டத்தில் அமைச்சருக்கு இரண்டடி பின்னால் நின்று, வருகிறவர் பெயரையும் அவர் வீட்டில் போன மாதம் யார் இறந்தார் என்பதையும் காதோடு சொல்வார். அவருடைய குரலே அப்படி ஆகிவிட்டது. வீட்டில் உப்பு வேண்டும் என்று கேட்டால்கூட ரகசியம் சொல்கிற மாதிரி இருக்கும்.

கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருதடவை அதிகாரிகள் பெரிய மருத்துவமனையை ஊருக்கு வெளியே கொண்டுபோகத் திட்டம் போட்டு, வண்ணப் படமெல்லாம் விரித்துக் காட்டினார்கள். அமைச்சர் மயங்கிவிட்டார். இவர்தான், "கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார். ஒருத்தரும் பார்த்திருக்கவில்லை. திட்டம் அன்றே சுருண்டது. கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லாத மனிதர் ஒரே கேள்வியில் ஒரு மருத்துவமனையை இருந்த இடத்திலேயே நிறுத்தினார். துறைச் செயலர்கூட அன்றைக்கு அவரை வழியனுப்ப எழுந்து நின்றார்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதைக் கொண்டுவந்ததும் இவர்தான். முதல் வருஷத்தில் ஒரு கோப்பு, முறைப்படி எண் போட்டு, அமைச்சர் மேஜையில் பன்னிரண்டு நாள் கிடந்தது. எவனோ ஒருவன் அந்த எண்ணையும் தேதியையும் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டான். தெரிந்தும் தூங்கினார் அமைச்சர் என்று ஒரு வாரம் கிழி கிழியென்று கிழித்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. சங்கடமான விஷயம் எதுவானாலும் முதலில் எண் போடக் கூடாது. வெறும் நகலாக, பிளாஸ்டிக் உறையில் போட்டு, காலை பதினோரு மணிக்கு வடிகட்டியின் மேஜைக்குக் கொண்டுவர வேண்டும். அவர் பார்ப்பார். 'சரி' என்றால் பதிவேட்டு எழுத்தரிடம் போய் எண் வாங்கிக்கொள்ளலாம். 'சுருக்குங்க' என்றால் சுருக்கிக்கொண்டு வரவேண்டும். 'பொறுக்கலாம்' என்றால் உறையை எடுத்துக்கொண்டு போய் அவரவர் அலமாரியில் வைத்துக்கொள்ள வேண்டும். எண் இல்லாத தாள் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. வராத கோப்புக்கு யார் தாமதம் செய்ய முடியும்?

அவர் எதிலும் ஒரு எழுத்து எழுத மாட்டார். எட்டு வருஷத்தில் எந்தக் கோப்பிலும் தன் கையெழுத்து ஒரு வரி கிடையாது என்று சொல்லிக்கொள்வார். துறைச் செயலர் ஒருநாள் கடுப்பில், "பேனா எங்களது, நாக்கு உங்களது. மாட்டிக்கிட்டா பேனாவைத்தான் பிடிப்பாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வடிகட்டியும் சிரித்தார்.

பாலங்களைக் கவனிக்கும் பொறியாளர் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் நின்றே பழகிய முகம். நாற்காலியில் உட்காரச் சொன்னால் விளிம்பில் உட்காருவார். அவர் ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு உறையோடு வந்தார். கால்வாய்க்கு மேலே போகும் இரும்பு நடைபாலம் பற்றிய ஆய்வு. சந்தைப் பக்கத்திலிருந்து ரயில் நிலையத்துப் பக்கம் போக அதுதான் வழி. தினமும் ஆறாயிரம் பேர் நடக்கிறார்கள். உடனே மூட வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார். அத்தோடு நிற்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்துப் பிரித்து மேஜைமேல் வைத்தார். செதில் செதிலாகத் துரு.

"இது என்னம்மா?"

"தாங்கிப் பிடிக்கிற போல்ட்டுல இருந்து சார். கையாலேயே பேத்து எடுத்தேன். ஸ்பேனர்கூட தேவைப்படல."

அவர் துருவைப் பார்த்தார். பிறகு நாள்காட்டியைப் பார்த்தார். அந்தப் பகுதியில் ஐந்து வாரத்தில் இடைத்தேர்தல். பாலத்தை மூடினால் ஆறாயிரம் பேர் இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும். சுற்றுகிற ஒவ்வொரு அடிக்கும் அமைச்சரைத் திட்டிக்கொண்டே போவார்கள். எதிர்க்கட்சிக்கு வாயில் சர்க்கரை போட்ட மாதிரி. இதையெல்லாம் கணக்கிட அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குத்தானே அந்த நாற்காலி.

"இன்னைக்கே விழுந்துடுமா?"

"இன்னைக்குன்னு சொல்ல முடியாது சார். நாளைக்கு விழாதுன்னும் சொல்ல முடியாது."

"எத்தன வருஷமா நிக்குது?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொரு வருஷம் நின்னது அஞ்சு வாரம் நிக்காதா? பொறுக்கலாம்மா. தேர்தல் முடிஞ்ச மறுநாள் நானே கூப்பிடுறேன். அன்னைக்கே எண் போட்டுடலாம்."

பொறியாளர் எழுந்திருக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அறைக்கு வெளியே இன்னும் நாலு பேர் உறைகளோடு காத்திருந்தார்கள். அவர் உறையை எடுத்துக்கொண்டு போனார். மேஜையில் கிடந்த துருவை வடிகட்டி கையாலேயே ஒதுக்கிக் குப்பைக் கூடையில் தள்ளினார்.

அன்று மாலை காரில் அமைச்சரிடம் சொல்லத்தான் செய்தார். "கால்வாய் நடைபாலத்துல ஒரு சிக்கல்ண்ணே. தேர்தல் முடியட்டும்னு வெச்சிருக்கேன்." அமைச்சர் போனில் யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "நீ பாத்துக்க" என்றார். எட்டு வருஷத்தில் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை என்று இவருக்குத் தெரியும்.

தேர்தல் நல்லபடியாக முடிந்தது. வடிகட்டி வாக்குத் தவறாதவர். மறுநாளே பொறியாளரைக் கூப்பிட்டார். முப்பத்தாறாவது நாள் கோப்புக்கு எண் விழுந்தது. முப்பத்தேழாவது நாள் அமைச்சர் மேஜைக்குப் போனது. அன்று மாலையே மூடச் சொல்லிக் கையெழுத்தானது. முப்பத்தெட்டாவது நாள் காலை எட்டரை மணிக்கு, அந்த உத்தரவு தபால் பிரிவில் உறைக்குள் இருக்கும்போது, நடைபாலத்தின் நடுப்பகுதி கால்வாயில் விழுந்தது.

மூன்று பேர் செத்தார்கள். வங்கியில் பெருக்குகிற பெண், பழக்கடையில் மூட்டை தூக்குகிறவர், தையல் மிஷின் பழுது பார்க்கிறவர். பதினாறு பேருக்குக் கை கால் முறிந்தது.

அமைச்சரின் அறிக்கையை வடிகட்டிதான் எழுதினார். அது அவர் வேலை.  நடைபாலம் குறித்த கோப்பு நேற்று முன்தினம்தான் எண்ணிடப்பட்டது, நேற்றுத்தான் அமைச்சரின் பார்வைக்கு வந்தது, ஒரு நாளும் தாமதிக்காமல் அன்றே உத்தரவிடப்பட்டது என்று மூன்று வரி. பதிவேட்டோடு வைத்துப் பார்த்தால் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. பத்திரிகைக்காரர்கள் என்ன, பச்சைக் குழந்தைகளா? ஆய்வின் தேதியைப் பார்த்தார்கள், எண்ணின் தேதியைப் பார்த்தார்கள். நடுவே முப்பத்தாறு நாள். அந்த முப்பத்தாறு நாளும் அறிக்கை யார் கையில் இருந்தது? பொறியாளர் கையில். மறுநாள் காலை அந்த அம்மாளின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அன்று மத்தியானமே பணியிடை நீக்கம். குற்ற வழக்கும் வரும் என்றார்கள்.

அன்று இரவு பொறியாளரின் பேட்டிக்குப் பிறகு அமைச்சரின் அறிக்கை மறுபடியும் தொலைக்காட்சியில் ஓடும்போது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தினாள்.

"இது நீங்க எழுதினது."

"அலுவலகத்துல எழுதினது."

"ஒரு நாளும் தாமதிக்காமல்னு நீங்கதான் எழுதுவீங்க. நமக்குக் கல்யாணம் பேசும்போது எங்க அப்பாவுக்கு எழுதின கடுதாசியிலயும் அதே வார்த்தை." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "அந்த அம்மா சொல்றாங்களே, அமைச்சர் ஆபீஸ்ல முன்னாடியே காட்டினேன்னு. நெசமா?"

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க. என்கிட்டயும் பொறுக்கலாமா?"

அவர் சொன்னார். துரு, நாள்காட்டி, காரில் பேசியது, எல்லாம். சொல்லி முடித்ததும் அவள் மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, "அடிபட்டவங்க வீட்டு ஆளுங்க சீட்டு எடுத்துட்டு என் கடைக்குத்தான் வராங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு மருந்து எடுத்துக் குடுக்கறது?" என்றாள். அதோடு அன்றைக்குப் பேச்சு முடிந்தது.

மறுநாளே அவர் போய்ச் சொல்லிவிட்டார் என்று எழுத ஆசைதான். அவர் போகவில்லை. இரண்டு மாதம் போகவில்லை. தினமும் மூன்றாம் மாடி ஏறினார், பத்திரிகைகளைப் பிரித்தார். பதினோரு மணிக்கு உறைகள் வந்தன. ஆனால் 'பொறுக்கலாம்' என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவே இல்லை. வருகிறதற்கெல்லாம் 'சரி' என்றார். பதிவேட்டு எழுத்தர், "சாருக்கு உடம்பு சரியில்லையா? இந்த மாசம் எண் போட்டுப் போட்டு எனக்குக் கையே வலிக்குது" என்று கேட்டார். எட்டு வருஷமாக அந்த அலுவலகத்தில் எத்தனை தாள் எண் இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

விசாரணை தொடங்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். பொறியாளர் சாட்சி சொன்னபோது, யாரிடம் காட்டினீர்கள், எந்தத் தேதி, பதிவு எங்கே என்று கேட்டார்கள். அமைச்சரின் ஆலோசகரிடம் காட்டினேன் என்றார். பதிவேடு வந்தது, அப்படி ஒரு பதிவும் இல்லை. பதிவேட்டு எழுத்தரைக் கேட்டார்கள். எண் இல்லாததைப் பற்றி எனக்குத் தெரியாது என்றார். அதுவும் உண்மைதான். தன் தவறை மறைக்க, பெயரே ஊழியர் பட்டியலில் இல்லாத ஒருவர்மேல் பழிபோடுகிறார் என்று அமைச்சர் தரப்பு வக்கீல் எழுந்து சொன்னார். அந்த வாக்கியத்தைப் பத்திரிகையில் படித்த அன்று வடிகட்டி மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அன்று மாலை அமைச்சர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"அண்ணே, அந்த அம்மா சொல்றது நெசம். என்கிட்ட வந்தாங்க. நான்தான் பொறுக்கலாம்னேன். உங்ககிட்டயும் சொன்னேன்."

அமைச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "என்கிட்டயா? எப்போ?"

"கார்ல."

"நான் என்ன சொன்னேன்?"

"நீ பாத்துக்கன்னு சொன்னீங்க."

"அப்படியா சொன்னேன்?" அவர் நடிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. அதைக் கண்டபோதுதான் வடிகட்டிக்குப் புரிந்தது. எட்டு வருஷமாக ஒரு உத்தரவு என்று நம்பித் தலைமேல் சுமந்த வார்த்தை. சொன்னவருக்கு அது ஒரு ஏப்பம்.

அமைச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு கனிவாகவே சொன்னார். "தம்பி, நீ போய்ச் சொன்னா மூணு பேரும் எழுந்து வரப்போறாங்களா? அந்த அம்மாவை நான் விட்டுடுவேனா? ஒரு ரெண்டு வருஷம் போகட்டும். சத்தமில்லாம வேலைல எடுத்துக்கலாம். கொஞ்சம் பொறு."

"அவங்களுக்கு அதுக்குள்ள தண்டனை ஆயிடும்ண்ணே."

"ஆனா ஆகட்டும், அப்பீல் இருக்கு. நீ கிளம்பு. தூங்கி எந்திரி, சரியாயிடும்."

அவர் தூங்கி எழுந்தார். சரியாகவில்லை.

ஐந்தாவது அமர்வு. மண்டபத்தில் நூறு பேர் இருந்தார்கள். பழைய மின்விசிறிகள் கடகடவென்று ஓடின. சாட்சிகளின் பட்டியலில் அவர் இல்லை, யாரும் அழைக்கவில்லை. பொதுமக்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் ஒரு கட்டத்தில் எழுந்து கையை உயர்த்தினார்.

"ஐயா, அந்தப் பொறியாளர் காட்டினது என்கிட்டதான்."

வக்கீல் துள்ளி எழுந்தார். இவர் யார், என்ன பதவி, இவர் பேச எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். நீதிபதி அவரைக் கையமர்த்திவிட்டு இவரை முன்னால் வரச் சொன்னார். இவர் பேசத் தொடங்கினார். பின்வரிசையிலிருந்து "கேக்கல" என்று ஒருவர் கத்தினார். இவர் மறுபடி சொன்னார். எண் போடாத வழக்கத்தைச் சொன்னார், அது தன் யோசனை என்பதைச் சொன்னார். செவ்வாய்க்கிழமையைச் சொன்னார். பொட்டலத்தில் இருந்த துருவைச் சொன்னபோது பொறியாளர் தலை குனிந்தார். அந்தப் பொட்டலத்தைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர் குனிந்த விதத்தைப் பார்த்ததும் இவர் சொல்வது நிஜம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

"அமைச்சருக்குத் தெரியுமா?" என்று நீதிபதி கேட்டார்.

மண்டபமே அதற்குத்தான் காத்திருந்தது.

"சிக்கல் இருக்குன்னு சொன்னேன். எவ்வளவு சிக்கல்னு சொல்லல. நீ பாத்துக்கன்னார்."

"அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டீர்கள்?"

"எனக்கு எது சௌகரியமோ அந்த அர்த்தம்" என்றார் அவர்.

மேற்கொண்டு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொறியாளருக்கு இரண்டு மாதத்தில் வேலை திரும்பக் கிடைத்தது. எண் போடாமல் அறிக்கையைக் கையில் வைத்திருந்ததற்கு ஒரு கண்டனம் மட்டும் பணிப்பதிவில் ஏறியது. அமைச்சருக்கு இலாகா மாறியது. வடிகட்டிக்கு எந்தத் தண்டனையும் இல்லை. ஆலோசகர் என்ற பதவி எந்த விதியிலும் இல்லாததால் எந்த விதியின்படி தண்டிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அவராக விலகிக்கொண்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று மத்தியானம் நடந்தது.

சாட்சி சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தார். தாழ்வாரத்தில் பொறியாளர் நின்றிருந்தார். நன்றி சொல்வாரோ, திட்டுவாரோ என்று இவர் தயங்கினார். அந்த அம்மாள் இரண்டையும் செய்யவில்லை.

"உங்களுக்கு என்மேல அதிகாரம் ஒண்ணும் கிடையாது சார். நான் நேரா போய் எண் போட்டிருக்கலாம். உங்க மூஞ்சிய பாத்தேன், பேசாம திரும்பிட்டேன். அத யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவர் படியில் இறங்கும்போது பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தையல் மிஷின் பழுது பார்த்தவரின் மனைவி. ஐந்து அமர்வுக்கும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாளாம். இவர் கவனித்ததே இல்லை.

"நீங்க சொன்னது எனக்குச் சரியா புரியலீங்க. ஒண்ணு மட்டும் கேக்கணும். அன்னைக்கு நீங்க சரின்னு சொல்லியிருந்தா பாலத்த எப்போ மூடியிருப்பாங்க?"

"அன்னைக்குச் சாயங்காலமே மூடியிருப்பாங்கம்மா."

அவள் விரலை மடக்கிப் பார்த்தாள். "அப்போ அதுக்கப்புறம் அவர் அந்தப் பாலத்துல போகவே வேண்டியிருந்திருக்காது."

"இருந்திருக்காது."

அவள் அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. மூச்சை இழுத்துவிட்டு, "அப்போ எங்க வீட்டுக்கு வாங்க. எங்க அத்தைகிட்ட இத நீங்களே வந்து சொல்லணும்" என்றாள்.

போகும் வழியில் அவள் சொன்னாள். பாலம் விழுந்த அன்று காலை அவள் கணவர் டீ குடித்துவிட்டுப் போகிறேன் என்றாராம். ரயில் நிலையத்துப் பக்கத்துத் தையல்காரி இரண்டு தடவை போன் செய்துவிட்டாள், மிஷின் நின்று வேலை கிடக்கிறது, வந்து குடிக்கலாம் கிளம்புங்கள் என்று விரட்டியது இவள்தான். அவர் போன பத்தாவது நிமிஷம் பாலம் விழுந்தது. ஒரு டீ குடிக்க விட்டிருந்தால் என் மகன் உயிரோடு இருந்திருப்பான் என்று மாமியார் அன்றைக்குச் சொன்னதுதான் கடைசி. அதற்கப்புறம் மூன்று மாதமாக மருமகளோடு ஒரு பேச்சு இல்லை. சோறு வைத்தால் இவள் அந்தப் பக்கம் போன பிறகுதான் சாப்பிடுகிறாளாம். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நான்தான் அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன்னு. நீங்க வந்து சொல்லுங்க" என்றாள்.

இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. வாசலில் மேல்மூடி திறந்த ஒரு தையல் மிஷின் பாதி பிரித்தபடியே இருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் கிழவி உட்கார்ந்திருந்தாள். மருமகள் உள்ளே வந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மருமகள் சுவரோரமாய் நின்றாள். அந்த வீட்டில் அவள் நிற்கிற இடம் அதுதான் போலிருக்கிறது.

"அவங்களுக்குக் காது மந்தம். சத்தமா சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். கிழவி திரும்பிப் பார்த்து, "என்ன?" என்றாள்.

இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"ஒண்ணும் கேக்கல. யாரு நீ?"

 வாழ்நாளில் அவர் குரலை உயர்த்தியதே கிடையாது. கட்டில் அருகே போய், குனிந்து, முழு பலத்தோடு கத்தினார். "நான் அமைச்சர்கிட்ட ஆலோசகரா இருந்தேன்மா."

"அப்படின்னா?"

"அமைச்சருக்கு யோசனை சொல்ற வேலை."

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மாடிப்படியில் இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன யோசனை சொன்னே?"

"பாலம் கெட்டுப் போச்சு, மூடணும்னு ஒரு அம்மா வந்து சொன்னாங்க. அஞ்சு வாரம் பொறுக்கலாம்னு நான் சொன்னேன். தேர்தல் இருந்துச்சு. நான் அப்படிச் சொல்லலன்னா அன்னைக்கே மூடியிருப்பாங்க. உங்க மகன் அதுல போயிருக்க மாட்டார். என்னாலதாம்மா. உங்க மருமகளால இல்ல."

கடைசி இரண்டு வாக்கியத்தையும் அவள் மறுபடி சொல்லச் சொன்னாள். அவர் மறுபடி கத்தினார். இன்னொரு தடவை என்று கையைக் காட்டினாள். இன்னொரு தடவையும் கத்தினார். மூன்றாவது முறை குரல் உடைந்து பாதியில் நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் அவளுக்குக் கேட்டிருந்தது.

கிழவி அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று அவர் குனிந்தபடியே நின்றார். அவள் தலையைத் திருப்பிச் சுவரோரம் நின்ற மருமகளைப் பார்த்தாள்.

"ஏன் நின்னுட்டே இருக்கே? வந்து உக்காரு" என்று கட்டிலைத் தட்டிக் காட்டினாள்.

மருமகள் வந்து உட்கார்ந்தாள். கிழவி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.  அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தார்.